பாதி துடைத்த கண்ணாடி

என் பிரியத்துக்குரிய மச்சான் தேவாவுக்கு,

உன் படத்தைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. நேரில் என்றால் டீ சொல்லிவிட்டு, வேறு எதையாவது பேசிவிட்டு, மெதுவாக ஆரம்பித்திருப்பேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இனி எதற்குச் சுற்றி வளைப்பது? உன் டீக்கடைப் படத்தில், ஷோகேஸ் கண்ணாடிக்குள் நீ நின்றிருந்தாயே, அந்த இடத்தில் இப்போது நீ இல்லை.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். இத்தனை வருடம் செய்தி எழுதியே பிழைத்தவனுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும் மற்றவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மழை விட்ட ஒரு காலையில். டிரெய்லர் லாரி ஒன்று மின்கம்பத்தில் இடித்து நின்றிருந்தது. நான் ஏட்டையாவிடம் ஓட்டுநரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு குட்டைக்கு முன்னால் குந்தி, கேமராவைத் தாழ்வாகப் பிடித்திருந்தாய்.

"யோவ், ஆக்சிடென்ட் அங்க கீது. நீ இன்னா குட்டத் தண்ணியப் போட்டோ புடிச்சிகினு கீற?" என்றார் ஏட்டையா.

"லாரியத்தான் சார் புடிக்கிறேன். தண்ணிக்குள்ள கீது பாரு. மேல கீறதவிட இதுல ஷோக்கா கீது."

அவரும் குனிந்து பார்த்தார். "தலகீழால்ல கீது?"

"வூட்டுக்குப் போயி திருப்பி மாட்டிக்கலாம் சார்."

அவர் சிரித்துவிட்டார். உன்னை ஏதோ போட்டிப் பத்திரிகையின் புகைப்படக்காரன் என்று நினைத்துதான் நான் பேச்சுக் கொடுத்தேன். எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவன், மற்ற நேரத்தில் தெருக்களை எண்ணெய்ச் சாயத்தில் வரைகிறவன் என்று அப்புறம்தான் தெரிந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு, நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாய். என் தங்கை கலாவுக்கு உன் ஊரான நெட்டுக்குப்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அப்போது தெரியாது. அடுத்த வருடம் உன்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிவந்துவிட்டாள்.

உன் வேலையை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. நீ எடுத்த படத்தை ஸ்லைடாகக் கழுவி வாங்குவாய். அறையை இருட்டாக்கி, ஸ்லைடு காட்டும் விளக்கால் அதைக் கேன்வாஸின் மேல் விழவைத்து, பென்சிலால் கோடு கோடாக எடுப்பாய். கட்டில் அகலத்துக்கு ஒரு கேன்வாஸ். இடது மேல் மூலையில் ஆரம்பித்து, ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம் என்று வலது கீழ் மூலைக்கு வந்து சேர்வாய். அதற்குள் எங்கள் ஊரில் ஒரு சாலையையே பெயர்த்துவிட்டுத் திரும்பப் போட்டிருப்பார்கள்.

ஆனால் முடிந்த பிறகு அதன் முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்டெய்னர் லாரியின் பம்பரில் வளைந்து தெரியும் முழுத் தெரு. ஈரச் சாலையில் நீளமாக இழுபடும் பிரேக் விளக்கின் சிவப்பு. பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் பாதி உள்ளே இருக்கும் முகம், பாதி வெளியே இருக்கும் சுவரொட்டி. தொட்டுப் பார்க்கக் கை நீட்டாதவர் குறைவு. ஸ்லைடில் இல்லாத ஒரு புள்ளியைக்கூட வைக்க மாட்டேன் என்பது நீ உனக்கே போட்டுக்கொண்ட கட்டளை. "நீ சொம்மா ஊகிச்சு எழுதுவியா? நான் மட்டும் ஊகிச்சு வரையணுமா?" என்பாய்.

நமக்குள் சண்டை வந்தது வெளிச்சத்தைப் பற்றித்தான். உன் படங்களில் வானம் முத்துச்சிப்பியின் உட்புறம்போல இருக்கிறது என்று நகரத்து ஆட்கள் வியப்பார்கள். வெயில்கூட வடிகட்டினதுபோல விழுகிறதே என்பார்கள். அது எதனால் வடிகட்டப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து வரும் சாம்பலைப் பற்றி நான் எத்தனை செய்தி எழுதினேன் என்று எண்ணி வைக்கவில்லை. கொடியில் காயும் துணியில், சோற்றுப் பானையின் மூடியில், தூங்குகிற குழந்தையின் புருவத்தில் அது விழுவதை எழுதினேன். நீ அதையே வரைந்தாய். என் செய்தியைப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். உன் படத்தைப் பார்த்தவர்கள் அழகு என்றார்கள்.

"விஷத்த இப்படி ஷோக்கா வரஞ்சு வச்சா எப்படி மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நீ சாம்பல்னு எழுதுனா பக்கத்தத் திருப்பிட்டுப் பூடுறான். நான் வரஞ்சா நின்னு பாக்குறான்."

"பாத்துட்டு அழகுன்னு சொல்லிட்டுப் போறான்."

"இன்னாவோ ஒண்ணு. நின்னான்ல?"

அந்தச் சண்டை முடியவே இல்லை. இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நின்று பார்த்தவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போய், அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருப்பாரா?

டீக்கடைப் படம் அந்தச் சண்டைக்குப் பின் வந்தது. எண்ணூர் பேருந்து நிறுத்தத்தில் காதர் பாய் கடை. முன்னால் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே பன், பொறை, பிஸ்கட் பாட்டில்கள். கண்ணாடியின் மேல் எதிர்ச்சாலை முழுக்கத் தெரிகிறது: டேங்கர் லாரி, மின்கம்பிகள், தூரத்தில் புகைபோக்கிகள். அதற்கும் மேல் ஒரு மெல்லிய சாம்பல் படலம். பாய் காலையில் துணியால் துடைக்க ஆரம்பித்து, யாரோ டீ கேட்டதால் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அரைவட்டமாக ஒரு வீச்சு மட்டும் தெளிந்திருக்கிறது. மீதி சாம்பல். நீ வரைந்தது அந்த நிமிடத்தை.

பாய்க்குப் படத்தைக் காட்டியபோது அவர் சந்தோஷப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா கீது நைனா. பொறைகூட நம்ம கட பொறைதான். ஆனா தொடச்சிகினே இருந்தேன்ல, அந்த மீதியயும் தொடைக்க உட்டு அப்பால புடிச்சிருக்கக் கூடாதா? பாக்குறவன் இன்னா நினைப்பான், கட கலீஜ்னுதான?"

"இல்ல பாய், அந்த மீதிதான் படமே."

"உனுக்கு அது படம். எனக்கு அது நாஸ்டா டைம்ல யாவாரம்."

அவர் போன பிறகுதான் நீ என்னைக் கூப்பிட்டு, பிஸ்கட் பாட்டிலுக்கும் பாய்லருக்கும் நடுவே இருந்த இருட்டான இடத்தைக் காட்டினாய். கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் பிம்பம் கரைந்துவிடும், இருட்டாக இருக்கிற இடத்தில்தான் மூஞ்சு நிற்கும் என்று சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தினாய். அங்கே கட்டைவிரல் அளவுக்கு நீ நின்றிருந்தாய். மார்புக்கு நேராகக் கேமராவைப் பிடித்த கைகள் துடைத்த பகுதியில் தெளிவாக இருந்தன. முகத்தின் மேல் சாம்பல் படலம். வேறு யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்றாய்.

அந்த ஐப்பசியில் உனக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்தான் இருந்தாய். சாம்பலால்தான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் ஆதாரம் இல்லை. படத்துக்கு வார்னிஷ் அடிக்க அது இன்னும் காய வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அது காய்வதற்குள் நீ போய்விட்டாய்.

மற்ற படங்களெல்லாம் நீ இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இது ஒன்றுதான் வீட்டில் தங்கியது. கலா அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். அவள் இப்போதும் பால்வாடியில் டீச்சராகத்தான் இருக்கிறாள். காலையில் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் செய்வதையே அவளும் செய்கிறாள். வாசல் தெளிப்பதற்கும் முன்னால் துணியை எடுத்து டிவி, பெஞ்சு, குடத்தின் வாய், சாமி படம், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைக்கிறாள். விருந்தாளி வந்தால்கூட நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் "குந்து" என்கிறார்கள். துடைக்காமல் ஒரு பொருளை விட்டுவைக்கவே அந்த ஊர்க் கைக்குத் தெரியாது.

போன மாதம் நிர்மலா மேடம் எனக்குப் போன் செய்தார். ஞாபகம் இருக்கிறதா? நகரத்தில் ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவர், பழுதான பழைய படங்களைச் சரிசெய்கிறவர். உன் வீட்டுக்கு ஒரு தடவை வந்து டீக்கடைப் படத்தை மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். நகரத் தெருக்களை வரைந்தவர்களின் கண்காட்சி ஒன்று வைக்கிறாராம். நடுச்சுவரில் உன் படம்தான் இருக்க வேண்டும் என்றார். கையேட்டுக்கு எழுதிவைத்ததைப் படித்தும் காட்டினார். கண்ணாடிக்குள் ஓவியர் தன்னையே சாம்பலுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார் என்று அதில் ஒரு வரி. நீ எனக்கு மட்டும் சொன்ன ரகசியத்தை அந்த அம்மா தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம் போனேன். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. கிளீனர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நீ இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாய்.

படத்தின் மேல் ஒரு பழைய புடவை தொங்கியது.

"சாம்பல் உழுதுல்ல ண்ணா, அதான் போட்டு வச்சிகீறேன்" என்றாள் கலா.

புடவையை விலக்கினேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் ஏதோ பளிச்சென்று இருந்தது. பாய் பாதியில் விட்ட துடைப்பு முடிந்திருந்தது. கண்ணாடியின் பெரும்பகுதியில் சாம்பல் இல்லை. பாட்டிலுக்கும் பாய்லருக்கும் நடுவே பார்த்தேன். கேமராவைப் பிடித்த கைகள் அங்கேயே இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பழுப்புத் திட்டு, வழவழவென்று, கேன்வாஸின் நூல் தெரியும்படி.

"பொங்கலுக்குத் தொடச்சேன். பளிச்சினு கீதில்ல?" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பளிச்சினுதான் கீது" என்றேன்.

நீ போன வருடம் துக்கம் என்பதால் அவள் பொங்கல் வைக்கவில்லை. இந்த வருடம்தான் வீட்டுச் சாமான்களை இறக்கிக் கழுவியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டேன். கண்காட்சியைப் பற்றியும் சொன்னேன். மேற்கொண்டு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு விஷயமே தெரியாது, தெரியாமல் துடைத்திருக்கிறாள், கண்காட்சி திறக்கிற நாளில் நாலு பேருக்கு முன்னால் கையேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். எத்தனையோ பேரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவன் நான். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பினேன். இதைச் சொல்லாமல் போக முடியாது.

கலா புடவையை முழுக்க எடுத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கலா, அந்த எடத்துல உன் வூட்டுக்காரரு..."

"தெரியும் ண்ணா."

"இன்னா தெரியும்?"

"கண்ணாடிக்குள்ள நின்னுகினு இருந்தாரு. வரஞ்சு முடிச்ச அன்னைக்கே எனக்குத்தான் மொதல்ல காட்டுனாரு. வேற யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான் சொல்றேன்னாரு."

மச்சான், அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "என்கிட்டயும் அதத்தான் சொன்னான்" என்றேன். அவளும் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

நடந்தது இதுதான். உலர்ந்த துணியால் ஒரு வருடத்துக்கும் மேலாகப் படத்தைத் தூசி தட்டியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. பொங்கலுக்கு ஜன்னல் கம்பிகளைத் துடைக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணி கையில் இருந்தது. அதன் ஓரத்தை விரலில் சுற்றி, ஷோகேஸ் கண்ணாடியின் மேல் மெதுவாகத் தேய்த்திருக்கிறாள்.

"துணில சாம்பல் வந்துச்சு ண்ணா. மெய்யாலும் வந்துச்சு. கறுப்பா, ஜன்னல்ல வர்ற மாதிரியே. நான் இன்னா நினைப்பேன்? வரஞ்ச சாம்பல் எது, உழுந்த சாம்பல் எதுன்னு யாருக்குத் தெரியும் இந்த ஊர்ல?"

அவளைத் தவிர யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் தெருவை ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். அந்தப் படத்தை எந்த வீட்டில் மாட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். எந்தப் பெண்ணும் அந்தப் பாதியை அப்படியே விட்டிருக்க மாட்டாள். காதர் பாயே விட்டிருக்க மாட்டார்.

நிர்மலா மேடத்திடம் மறைக்கவில்லை. அடுத்த ஞாயிறே பூதக்கண்ணாடியும் பஞ்சுக் குச்சிகளுமாக வந்தார். படத்தைக் கட்டிலில் படுக்கவைத்து மணிக்கணக்கில் பார்த்தார். கலா அடுக்களை வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டு மணியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, படத்துக்கு டாக்டரம்மாவா? ஊசி போடுவாங்களா?" என்று கேட்டாள்.

சாம்பல் படலம் கடைசிப் பூச்சு, எண்ணெயைக் குறைத்து டர்பன்டைனை அதிகம் விட்டுத் தண்ணீர்போலப் பூசியது, அதனால்தான் மண்ணெண்ணெய்க்கு உடனே வந்துவிட்டது என்றார் நிர்மலா. அதற்குக் கீழே இருந்த முகமும் மெல்லிசுதான். கைகள் இருந்த இடம் ஏற்கெனவே துடைத்ததுபோல் வரையப்பட்டதால் கலா அங்கே தேய்க்கவில்லை. அதனால் அவை பிழைத்தன.

"திருப்பி வரைய முடியுமாம்மா?" என்றாள் கலா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் உன் கல்யாண ஃபோட்டோவையும் ஆபீஸ் அடையாள அட்டையையும் கொண்டுவந்து நீட்டினாள். "இத்தப் பாத்து வரையிங்க. கட்டவிரல் அளவுதானே."

ஸ்லைடு இருந்தால் அதை வைத்துச் செய்வதுதான் முறை என்றார் நிர்மலா. ஸ்லைடு இருந்தது. உன் பெட்டியில் நீ எழுதிவைத்த அட்டையோடு அப்படியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து மாறிமாறிப் பார்த்தோம். ஷோகேஸ் இருந்தது, லாரி இருந்தது, பாய் விட்டுப்போன அரைவட்டம் இருந்தது. நீயும் இருந்தாய். ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்துப் படம் எடுக்கிறவனின் முகத்தைக் கேமராதானே மறைத்துக்கொண்டிருக்கும்? ஸ்லைடில் உனக்கு முகம் இல்லை.

அப்படியானால் கேமராவை மார்புக்கு இறக்கியது நீயாகச் செய்தது. முகத்தை நீயாக வைத்தாய். ஸ்லைடில் இல்லாததை நீ வரைந்த ஒரே இடம் அதுதான்.

"அதான் ஒரு வாரம் ஷேவிங் கண்ணாடிய ஜன்னல்ல மாட்டிகினு குந்திகினு இருந்தாரா?" என்றாள் கலா. "நரச்ச முடி எண்றாருன்னு நெனச்சேன்."

உன் கட்டளையை நீயே மீறியிருக்கிறாய் மச்சான். ஏன் என்று எனக்குச் சொல்லியிருக்கலாம். முகத்தை வைத்தவன் துடைத்த பகுதியிலேயே வைத்திருக்கலாமே? ஒரு விரற்கடை இறக்கினால் போதும், தெளிவாக இருந்திருப்பாய். வேண்டுமென்றே வரைந்த முகத்தின் மேல் வேண்டுமென்றே சாம்பலைப் பூச உனக்கு எப்படி மனம் வந்தது? விஷத்தை அழகாக வரையலாமா என்ற என் கேள்விக்கு நீ சொன்ன பதிலா அது? நான்தான் படத்தின் முன்னால் போதுமான நேரம் நிற்கவில்லையா?

நிர்மலா கலாவைக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "அந்த முகம் எப்படி இருந்ததும்மா? சிரிச்சிட்டு இருந்தாரா? எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தார்? நான் பார்த்தப்போ படலம் மேலே இருந்தது, ஒரு நிழல் மாதிரிதான் தெரிஞ்சது."

கலா அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கலன்னிக்கு ஒரு ஓரம்தான் தொடச்சேன். நெத்தி தெரிஞ்சுது. அப்பால தெனம் காலைல கொஞ்சம் கொஞ்சமா. கண்ணு வந்துச்சு. மூக்கு வந்துச்சு. ஒரு நாளு நல்லாவே தெரிஞ்சுதும்மா. மொத்த மூஞ்சும். சிரிக்கல. குளிச்சிட்டு வந்து தல தொவட்டாம நிப்பாருல்ல, அப்படி. என்னத்தான் பாத்துகினு இருந்தாரு. அன்னைக்கு நான் வேலைக்கே போவல." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "அத்தோட உட்டுருக்கணும். கன்னத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்டிகினு கீதேன்னு மறுநாளு தொட்டேன். அது சாம்பல் இல்ல. தாடி நெழலு."

வெளியே குழாய்ப் பாதை ஓரமாக ஒரு குட்டியானை வண்டி மீன் பெட்டிகளோடு போகும் சத்தம் கேட்டது.

"நீங்க வரஞ்சா அது அவரு வரஞ்ச மாதிரி இருக்குமா?" என்று கலாவே கேட்டாள்.

"மாதிரி இருக்கும்மா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா நான் வரைஞ்சதாத்தான் இருக்கும்."

"அந்த மூஞ்சிய முழுசாப் பாத்தவ நான் ஒருத்திதான். நீங்க எத்த வரஞ்சாலும் இது இல்லன்னு எனக்குத் தெரியும்ல? அப்பால நான் தெனம் அந்த ஆளப் பாத்துகினு இருக்கணும்." ஃபோட்டோவையும் அட்டையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

நிர்மலா வற்புறுத்தவில்லை. மிச்சம் இருப்பது உதிராமல் ஒரு பூச்சு கொடுத்தார். கண்காட்சியில் அப்படியே மாட்டுகிறேன், கையேட்டில் அந்த வரியை எடுத்துவிட்டு, காலப்போக்கில் ஒரு பகுதி சேதமடைந்துள்ளது என்று போட்டுவிடலாம் என்றார். கலாவுக்கு எந்தச் சங்கடமும் வராது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

"காலமா தொடச்சுது? நான்தான தொடச்சேன்?" என்றாள் கலா.

"அத எதுக்கு ஊருக்குச் சொல்லிகினு?" என்றேன்.

"நீ பேப்பர்காரன்தான ண்ணா? நடந்தத எழுது. அவரு சாம்பல் வரஞ்சாரு, பொண்டாட்டி தொடச்சிட்டான்னு எழுது. படிக்கிறவங்க ஏன் தொடச்சான்னு கேக்கட்டும். கேட்டா, இங்க வந்து ஒரு நாளு எங்கூட இருந்து பாக்கச் சொல்லு."

மச்சான், என் தங்கை சொல்லச் சொன்னதை நான் எழுதிக்கொடுத்தேன். கையேட்டில் அது ஒரு வரிகூட மாறாமல் வரும் என்று நிர்மலா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவள் பெயரோடு வரும். அதை எழுதும்போது எனக்குக் கை வரவில்லை என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வேன் என்ற பயம் இன்னும் போகவில்லை.

இப்போது அவள் வீட்டில் எல்லாவற்றையும் முன்போலவே துடைக்கிறாள். படத்தின் பக்கம் மட்டும் போவதில்லை. துணி கையில் இருந்தால் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறாள். புடவை போட்டு மூடினாலும் சாம்பல் எப்படியோ உள்ளே போய்விடுகிறது. நிஜச் சாம்பல் இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மூடிவிடும். துணியோ தண்ணீரோ படக் கூடாது, இதனால் மட்டும் தட்டலாம் என்று நிர்மலா ஒரு அகலமான மென்மயிர்த் தூரிகை கொடுத்துவிட்டுப் போனார். கலா அதை வாங்கவில்லை. என்னிடம் கொடுக்கச் சொல்லி என் கையைக் காட்டினாள்.

போன ஞாயிறு முதல் தடவையாகச் செய்தேன். கலா பின்னால் நின்று, "மெதுவா ண்ணா, மெதுவா, அந்தக் கையாண்ட போவாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போகவில்லை. கேமராவைப் பிடித்திருக்கும் உன் இரண்டு கைகளுக்கும் பக்கத்தில் வந்ததும் தூரிகையை எடுத்துவிட்டு, குனிந்து வாயால் ஊதினேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போவேன் தேவா. கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் போவேன். முட்டி வலித்தாலும், லாரி வரிசையில் பஸ் அசையாமல் நின்றாலும் இறங்கி நடந்தாவது போவேன். மிச்சமிருக்கிற அந்தக் கைகள் நான் இருக்கும்வரை இருக்கும். கலாவும் தனியாகப் படத்தின் முன்னால் நிற்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உன் கலாவின் அண்ணன், உன் மச்சான்